பிழை காணலும் வழி காட்டலும்: வான் கோவின் உருவ வரைவு பற்றிய ஓர் ஆய்வு

கலைப்படைப்பொன்றின் குறையைக் காண்பது எளிது. அக்குறை நீங்கும் நெறியைக் காண்பது அரிது. இவ்வுண்மை செய்யுளுக்கும் இசைக்கும் பொருந்துவதாயினும், மனித உருவை வரையும் ஓவியக்கலையிலே மிகத் தெளிவாகப் புலப்படும். செய்யுளில் ஓசை பிழைத்ததை அறிய யாப்பறிவு வேண்டும். ஓவியத்திலே கையொன்று தோளோடு பொருந்தாது தொங்குவதை, எந்நூலும் கல்லாத சிறுவனும் கண்டு நகைப்பான். மனித உடலை நாள்தோறும் காண்கின்றோமாதலின், அதன் வரைவிலுள்ள பிழை கண்ணுக்கு உடனே தோன்றும். பிழை தோன்றுவதனாலேயே அதனைத் திருத்தும் ஆற்றலும் நமக்குண்டென்று மயங்கிவிடுகின்றோம். இம்மயக்கம் ஆசிரியரிடத்து உண்டாயின், அதன் விளைவை மாணவனே அனுபவிக்க நேரும்.

இதனை எழுதுவோன் சித்திர ஆசிரியனல்லன். மொழியும் வரலாறும் கற்பிப்பவன். சில ஆண்டுகளுக்கு முன்னர் மாணவர் சித்திரக் காட்சியொன்றுக்கு நடுவராயிருக்கும்படி கேட்கப்பட்டபோது, ஓவியம் பற்றிய சில நூல்களைக் கற்றிருந்த துணிவினால் உடன்பட்டேன். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் பாட்டனார் சாய்மனைக் கதிரையில் அமர்ந்திருக்குங் கோலத்தை வரைந்திருந்தான். முகம் உயிருள்ளதாய் இருந்தது. உடலோ கதிரையில் அமராது அதன்மேல் மிதப்பதுபோலத் தோன்றிற்று. நிழல் எங்கணும் ஒரே கருமையாகப் பூசப்பட்டிருந்தது. படத்தின் அடியில் “உடலளவு பிழை, நிழல் பிழை” என்று எழுதிக் கையொப்பமிட்டேன். மறுவருடக் காட்சிக்கு அவன் பூச்சாடியொன்றை வரைந்து அனுப்பினான். அதற்கடுத்த வருடம் ஒன்றும் அனுப்பவில்லை. யான் எழுதிய நான்கு சொல்லிலும் பொய்யில்லை. ஆயின் அவற்றால் அவனுக்கு விளைந்த பயன் யாது? இவ்வினாவே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய் ஆயிற்று.

இதற்கு விடை தேடுவார்க்கு ஒல்லாந்த ஓவியர் வின்சென்ற் வான் கோவின் வரலாறு சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும். தம் உருவ வரைவைப் பற்றிப் பிறர் கூறிய குறைகளையும், அவற்றுக்குத் தாம் கூறிய விடைகளையும், பின்னர்த் தாம் செய்த முயற்சிகளையும் அவர் கடிதங்களில் எழுதிவைத்தார். அவற்றுட் பெரும்பாலன தம்பி தியோவுக்கு எழுதப்பட்டவை. எக்கண்டனம் பயன்பட்டது, எக்கண்டனம் பாழாயிற்று என்பதைப் படிப்படியாக ஆராய்வதற்கு இவை இடந்தருகின்றன.

வான் கோ 1853 ஆம் ஆண்டிற் பிறந்தவர். ஓவிய வணிக நிலையத்தில் ஊழியராயும், பின்னர்ச் சுரங்கத் தொழிலாளரிடையே சமயப் போதகராயும் இருந்து, 1880 ஆம் ஆண்டில், தமது 27 ஆம் வயதிலேயே ஓவியராவதென்று உறுதிபூண்டார். இத்துணைக் காலந்தாழ்த்துத் தொடங்கியவர் உடலமைப்பறிவை இகழ்ந்திருப்பாரென்று சிலர் எண்ணுவர். உண்மை அதுவன்று. ஓவியர்க்கென இயற்றப்பட்ட உடற்கூற்றுப் படநூலொன்றைப் பெற்று அதனைப் பார்த்து வரைந்தார். பிரெஞ்சு நாட்டுச் சார்ள் பார்க் என்பவர் அமைத்த வரைவுப் பயிற்சியை மீண்டும் மீண்டும் படியெடுத்தார். அப்பயிற்சி மூன்று பகுதிகளாக 197 தாள்களைக் கொண்டது. அதன் மூன்றாம் பகுதியிலுள்ள 60 தாள்களும் ஆடையற்ற ஆடவர் உருவங்கள். அவை பெரும்பாலும் நிழலின்றிப் புறக்கோட்டினால் மாத்திரம் வரையப்பட்டவை. வான் கோவின் தொடக்கால உருவங்கள் கோட்டிலே வலிமையும் திரட்சியிலே மெலிவும் உடையனவாயிருப்பதற்கு இப்பயிற்சியும் ஒரு காரணமென்று கருத இடமுண்டு.

அவருக்கு முதலில் வாய்த்த ஆசிரியர் அந்தன் மோவ் என்னும் ஓவியர். உறவு முறையாலும் நெருங்கியவர். 1881 ஆம் ஆண்டின் இறுதியில் ஹேக் நகரில் அவரிடம் வான் கோ சிலகாலம் பயின்றார். வான் கோ வரைந்த உருவங்களைக் கண்ட மோவ், அவற்றின் உறுப்புக்களை ஒவ்வொன்றாகக் குறைகூறிக்கொண்டிருக்கவில்லை. உருவத்துக்கு மிக அண்மையில் அமர்ந்து வரைகின்றீர் என்று கூறினார். இஃது எத்துணைச் சிறிய கூற்று! ஆயினும் அதனுள்ளே பெருங்கல்வி அடங்கியிருக்கின்றது. மிக அண்மையில் அமர்ந்தவன் தலையையும் பாதத்தையும் ஒரே பார்வையிற் காணமாட்டான். தலையைக் காணக் கண்ணை உயர்த்துவான். பாதத்தைக் காணத் தாழ்த்துவான். பார்வை மாறுந்தோறும் அளவும் மாறும். அவன் தாளில் தோன்றுவது ஓருடல் அன்று. தனித்தனியே கண்ட உறுப்புக்களின் தொகுதி. கதிரையைப் பின்னே தள்ளிவைத்தவுடன் பிழையின் பெரும்பகுதி நீங்கிவிடும். நற்றிருத்தத்தின் இலக்கணம் இதுவே எனலாம். அது பிழையின் ஊற்றைக் கண்டது. மாணவன் மறுநாட் காலையிலே செய்யத்தக்க ஒரு செயலையும் உரைத்தது.

அதே மோவ் மறு வருடத்திற் பாரிசுச் சாந்தினாலாகிய வார்ப்புருவங்களைப் பார்த்து வரையுமாறு வற்புறுத்தியபோது நிலைமை மாறிற்று. உயிருள்ள உழைப்பாளரின் கைகால்களை வரைய விரும்பியிருந்த வான் கோவுக்கு, வெண்சாந்துக் கைகால்கள் வெறுப்பைத் தந்தன. அவற்றை நிலக்கரித் தொட்டியில் எறிந்து உடைத்ததாக அவரே தம்பிக்கு எழுதியிருக்கின்றார். வார்ப்புருவப் பயிற்சி பயனற்றதன்று. அசையாத வெண்பொருளின்மீதே ஒளிநிழலின் படிகளைக் கற்றல் எளிது. மாணவனிடத்துப் பொறுமையின்மை என்னுங் குற்றமும் இருந்தது. எனினும், எதனை வரைய இவன் வேட்கையுற்றிருக்கின்றான் என்பதற்கும் தாம் விதித்த பயிற்சிக்கும் உள்ள தொடர்பை ஆசிரியர் விளங்கவைக்கவில்லை. ஓராசிரியரே ஒருமுறை வென்றமையும் ஒருமுறை தோற்றமையும் ஈண்டுச் சிந்திக்கத்தக்கன.

இனி, வான் கோவின் வாழ்விற் பெரும் புயலை எழுப்பிய கண்டனத்துக்கு வருவோம். 1885 ஆம் ஆண்டில் அவர் நியூனன் என்னும் சிற்றூரில் வாழ்ந்தார். உழவர் குடும்பமொன்று மாலை வேளையிலே விளக்கொளியில் உருளைக்கிழங்கு உண்ணுங் காட்சியைப் பேரோவியமாக்க விரும்பினார். அதற்கு முன்னோடியாக மாரிகாலம் முழுவதும் உழவர் தலைகளைத் தனித்தனியே வரைந்து பயின்றார். அவ்வாறு தீட்டப்பட்ட தலைகள் நாற்பதுக்கு மேற்பட்டன. அவ்வாண்டு மார்ச்சு மாதம் 26 ஆம் நாள் அவர் தந்தையார் காலமானார். அத்துயரின் பின் சில வாரங்களுள், ஏப்பிரில் மாதத்தில், அக்காட்சியைக் கல்லச்சிலே பதிப்பதற்காக நினைவிலிருந்து கல்லின்மேல் விரைந்து வரைந்தார். அச்சுப் பிரதியொன்றைத் தம் நண்பராகிய அந்தன் வான் ரப்பாட்டுக்கு அனுப்பினார்.

ரப்பாட் 1880 ஆம் ஆண்டிலே பிரசெல்ஸ் நகரில் அறிமுகமானவர். கலைக்கழகப் பயிற்சி பெற்றவர். ஐந்தாண்டு காலம் வான் கோவோடு ஓவியம் பற்றிக் கடிதத் தொடர்பு கொண்டிருந்தவர். 1885 மே 24 ஆம் நாள் அவர் எழுதிய விடைக்கடிதம் கண்டனக் கடிதங்களுட் புகழ்பெற்றது. பின்னாலிருக்கும் பெண்ணின் கை உண்மையற்றதென்றார். கோப்பிப் பாத்திரம் எதன்மீதும் நிற்கவில்லை, எவராலும் பிடிக்கப்படவுமில்லை என்று இகழ்ந்தார். ஆடவன் ஒருவனுக்கு முழங்காலும் வயிறும் நுரையீரலும் இருத்தலாகாதோ, அவன் கை ஏன் இத்துணைக் குறுகியது, மூக்கிற் பாதி எங்கே என்றெல்லாம் வினாவினார். இத்தகைய வேலையைச் செய்துகொண்டு மில்லே போன்ற பெரியோரின் பெயரை எடுத்தாளத் துணிவதெவ்வாறு என்றுங் கேட்டார்.

நடுநிலையோடு நோக்குவார் ரப்பாட்டின் கண் கூரிய கண் என்பதை மறுக்கமாட்டார். அக்கல்லச்சிலே கை குறுகியிருப்பது மெய். முழங்கால் இருக்குமிடம் விளங்காமையும் மெய். நண்பன் நெறிதவறுமிடத்து முன்சென்று கடிந்துரைத்தலே நட்பின் பயன் என்பது வள்ளுவர் கருத்துமாகும். அவ்வாறாயின் ரப்பாட்டின் கடிதம் ஏன் பாழாயிற்று? சொல்லின் கடுமை ஒரு காரணம். ஆயினும் அதுவே முழுக்காரணமன்று. அவர் பிழைகளை இடம் இடமாக எண்ணினார். பிழைகள் எங்கிருந்து பிறந்தன என்று காணவில்லை. மூக்கு, கை, முழங்கால், பாத்திரம் என்னும் பட்டியலைக் கையிற் பெற்றவன் யாது செய்வான்? மூக்கை நீட்டலாம், கையை நீட்டலாம். அவ்வாறு நீட்டிய பின்னரும் உடல் உடலாகாது. அன்றியும், ஓவியன் எதனைக் கருதி வரைந்தான் என்று அவர் ஒருசொல்லேனும் கேட்டிலர். வான் கோ அக்கடிதத்தைச் சிறுகுறிப்போடு திருப்பி அனுப்பிவிட்டார். பின்னர்ச் சில நீண்ட கடிதங்கள் எழுதப்பட்டனவாயினும், அவ்வாண்டோடு நட்பு முறிந்தது.

வான் கோ கண்டனம் பொறாத செருக்கினர் என்று இதனாற் கொள்ளல் பொருந்தாது. அதே நாட்களில் தியோவும் குறைகூறினார். கல்லச்சுப் படம் பஞ்சுபோற் கலங்கித் தெளிவற்றிருக்கின்றது என்றார். வான் கோ அதனை உடனே ஒப்புக்கொண்டார். காரணத்தையும் ஆராய்ந்து எழுதினார். கல்லிலே வெண்மைக்கு இடமில்லாதபடி தாம் இருளால் நிரப்பியிருந்தமையால் நன்கு பதியாதென்று அச்சிடுவோர் கூற, ஆங்காங்கே ஒளியிடங்களை அரித்தெடுக்க நேர்ந்தது. அதனால் உருவங்கள் ஒன்றோடொன்று இயைபற்றுப் போயின. அரிக்காது விட்டிருப்பின் படம் இன்னும் இருண்டிருக்கும், ஆயினும் உருவங்களுக்கிடையே காற்றுவெளி நிலவியிருக்கும் என்பது அவர் விளக்கம். நிழலிடுதல் பற்றி இதனினும் பயனுள்ள பாடம் வேறு வேண்டுமோ? நிழல் என்பது ஒவ்வோர் உருவத்துக்கும் தனித்தனியே பூசுங் கருமையன்று. ஒரு விளக்கிலிருந்து புறப்பட்ட ஒளி எல்லாப் பொருள்களின்மீதும் படிந்து தேய்ந்துசெல்லும் ஒழுங்கே அது. இடையிடையே வெண்மையைச் செருகினால் அவ்வொழுங்கு குலையும்.

வண்ண ஓவியம் கைக்கெட்டிய பின்னர்த் தியோ மற்றொரு குறையையுங் கண்டார். தலைகள் சிறந்த அளவுக்கு உடல்கள் சிறக்கவில்லை என்பது அதன் கருத்து. இதனையும் வான் கோ மறுக்கவில்லை. தலையினின்று தொடங்காது உடலினின்று தொடங்கி அப்படத்தை அமைக்கத் தாமும் எண்ணியதுண்டென்றும், அவ்வாறு செய்திருப்பின் அது முற்றும் வேறானதொரு படமாகியிருக்குமென்றும் எழுதினார். ரப்பாட் கண்ட பிழைகளும் தியோ கண்ட குறையும் ஏறக்குறைய ஒன்றே. ஆயின் தியோவின் சொல் ஊற்றுக்கண்ணைத் தொட்டது. நாற்பது தலைகளைப் பயின்றவர் அத்துணை உடல்களைப் பயின்றாரில்லை. தலையை முதலில் வைத்து அதன்கீழ் உடலைத் தொங்கவிட்டால் முழங்காலுக்கும் வயிற்றுக்கும் இடமெங்கே? நன்றாயிருப்பதையும் குன்றியிருப்பதையும் ஒருங்கே சுட்டியமையால், ஒன்றில் வென்ற முறையை மற்றதன்மேற் செலுத்தலாம் என்னும் நம்பிக்கையும் அச்சொல்லில் அடங்கியிருந்தது.

இதனோடு நூலறிவும் துணைநின்றது. ஷான் ஷிகூ என்னும் ஓவியர் எழுதிய நினைவுக்குறிப்பு நூலை வான் கோ அவ்வாண்டிற் படித்தார். பழங்கால மேதைகள் உருவத்தைக் கோட்டினால் அணுகாது திரட்சியினால் அணுகினர் என்று தெலக்ருவா விளக்கிய செய்தி அதிலுள்ளது. சிறிதும் பெரிதுமான நீள்வட்டங்களைத் தாளில் இட்டு, அவற்றைச் சில கோடுகளால் இணைத்து, ஒரு குதிரையை அவர் தோற்றுவித்துக் காட்டினாராம். புறக்கோட்டுப் பயிற்சியிலே வளர்ந்த வான் கோவுக்கு இது பெருவழியொன்றைத் திறந்துவிட்டது.

அக்கோடைகாலத்தில் அவர் கருஞ்சுண்ணத்தால் வரைந்த பெரிய உருவங்களைக் கண்டார் இம்மாற்றத்தை உணர்வர். கதிர் பொறுக்கும் பெண்கள், நிலங்கொத்துவோர், விறகு பிளப்போர் ஆகியோரின் உருவங்கள் அவை. ஒத்தர்லோவிலுள்ள குறோலர்-முல்லர் நூதனசாலை முதலியவற்றிற் பேணப்படுகின்றன. குனிந்து நிற்கும் பெண்ணைப் பின்புறமாக நோக்கி வரைந்த படத்தில் முகமே தெரிவதில்லை. இடுப்பின் திரட்சியே உருவத்துக்கு நடுநாயகமாகின்றது. அதிலிருந்து முதுகும் கால்களும் கிளைக்கின்றன. ஆடையின் நிழற்கோடுகள் உடலைச் சுற்றி வளைந்துசென்று அதன் உருட்சியைக் காட்டுகின்றன. ஒளி எட்டாத அடிவயிற்றுப் பக்கம் இருள்கின்றது. காலடி நிழல் அவளை மண்ணிலே ஊன்றச்செய்கின்றது. இங்கே உடலமைப்பு வேறு, நிழல் வேறு என்று பிரித்துரைக்க இயலாது. எலும்பும் தசையும் எங்கே திரும்புகின்றன என்பதை அறிந்தவனே நிழல் எங்கே தொடங்கும் என்பதையும் அறிவான். ஆதலின் “உடலளவு பிழை, நிழல் பிழை” என்று இரு குற்றமாக எண்ணுவது பெரும்பாலும் ஒரு குற்றத்தை இருமுறை எண்ணுவதேயாகும்.

ஈண்டு ஒரு தடை எழலாம். வான் கோவின் உருவங்கள் பிழையுடையனவாயிருந்தும் உலகப்புகழ் பெற்றனவே. அங்ஙனமாயின் அளவும் அமைப்பும் எதற்கு என்று மாணவர் சிலர் வினவுவர். அவர்தாமும் 1885 ஆம் ஆண்டுக் கோடையில் எழுதிய கடிதமொன்றிலே, கலைக்கழக முறைப்படி தம் உருவங்கள் செவ்வனே அமைதலைத் தாம் வேண்டவில்லை என்றும், மில்லேயும் மைக்கலாஞ்சலோவும் செய்ததுபோல மெய்யினும் மெய்யான மாறுதல்களைச் செய்யக் கற்பதே தம் வேட்கை என்றும் கூறினார். கற்பதே வேட்கை என்றாரன்றிக் கற்கவேண்டியதில்லை என்றாரல்லர். அறியாமையாற் குறுகிய கை ஒன்று. அறிந்து பருமனாக்கிய கை மற்றொன்று. கல்லச்சிலுள்ள குறுங்கை முதல் வகையினது. வண்ண ஓவியத்திலே எலும்பு புடைத்த கரிய கைகள் இரண்டாம் வகையின. மண்ணைக் கொத்திய கைகளே அம்மண்ணின் விளைவை உண்கின்றன என்பதைக் காட்டவே அவற்றை அவ்வாறு வரைந்தார். இவ்விரு வகையையும் பிரித்தறியாத திறனாய்வு, குணத்தையும் குற்றமென்று களையும். அன்றேற் குற்றத்தையும் குணமென்று போற்றும். 82 சென்ரிமீற்றர் உயரமும் 114 சென்ரிமீற்றர் அகலமுங் கொண்ட அவ்வோவியம் இன்று அம்ஸ்ரர்டாம் நகரிலுள்ள வான் கோ நூதனசாலையில் இருக்கின்றது. 2021 ஆம் ஆண்டில் அந்நூதனசாலை, இது பிழையா, தலைசிறந்த படைப்பா என்னும் வினாவையே தலைப்பாகக் கொண்டு தனிக் காட்சியொன்றை நடாத்திற்று. இரண்டும் உண்மை என்பதே எம் துணிபு. வான் கோவும் 1887 ஆம் ஆண்டிலே தங்கைக்கு எழுதுகையில் தாம் செய்தவற்றுள் அதுவே சிறந்ததென்றார். 1890 ஆம் ஆண்டிலோ அதனை மீண்டும் புதிதாக வரைய விரும்பினார்.

மேற்கூறியவற்றால் ஆசிரியர்க்குப் பெறப்படுவன சில. முதலாவது, வரைந்தவனின் நோக்கத்தைக் கேட்டறிதல் வேண்டும். நோக்கத்தை அறியாதார்க்குப் பிழை எது, துணிவு எது என்பது புலப்படாது. இரண்டாவது, பிழையின் எண்ணிக்கையை விடுத்து அதன் பிறப்பிடத்தைத் தேடுதல் வேண்டும். அமர்ந்த தூரமோ, தொடங்கிய உறுப்போ, ஒளி வந்த திசையை மறந்தமையோ, ஏதேனும் ஒன்று பல பிழைகளுக்கும் தாயாக இருக்கும். மூன்றாவது, கூறுவது கையாற் செய்யத்தக்கதாய் இருத்தல் வேண்டும். “இன்னும் முயல்க” என்பது வாழ்த்தாகலாம், வழியாகாது. நான்காவது, நன்றாயமைந்ததைப் பெயர்சொல்லிக் குறித்தல் வேண்டும். அது முகமன் அன்று. அடுத்த படியை எதன்மேல் நின்று எடுத்துவைப்பது என்பதை மாணவனுக்கு அறிவிப்பதாகும். மாணவன் தாளின்மேலேயே ஆசிரியர் கோடிட்டுத் திருத்துவதும் நன்றன்று. வேறொரு தாளில் வரைந்து காட்டுதலே முறை. அவன் பிழை அவன் கண்முன் நின்றாலன்றோ ஒப்புநோக்கிக் கற்பான்?

இவற்றை அன்று யான் அறிந்திருப்பின் அம்மாணவனின் படத்தடியில் வேறுவகையாக எழுதியிருப்பேன்: “பாட்டனாரின் முகத்தை நன்கு கண்டிருக்கின்றாய். மறுமுறை ஆறடி தள்ளியிருந்து வரைந்து பார். கதிரையில் அவர் இடுப்பு எங்கே படிகின்றது என்பதை முதலில் ஒரு நீள்வட்டமாகக் குறித்துக்கொள். தலையைப் பின்னர் வை. சாளரம் எப்பக்கத்தில் இருந்தது? அதற்கு எதிர்ப்பக்கத்தை மாத்திரம் இருளாக்கு.” இதனை எழுத எடுக்கும் நேரம் இரண்டு நிமிடத்துக்கு மேற்படாது. அவ்விரண்டு நிமிடத்தை யான் கொடுத்திலேன்.

வான் கோ 1890 ஆம் ஆண்டில் இறந்த பின்னர், ரப்பாட் அவர் தாயாருக்குக் கடிதமொன்று எழுதினார். பிரசெல்ஸ் நகரில் முதன்முதற் சந்தித்த நாளையும், தம் நண்பர் உழன்ற உழைப்பையும் அதிலே அன்போடு நினைவுகூர்ந்தார். ரப்பாட்டும் 1892 ஆம் ஆண்டிலே காலமானார். அவர் கண் பொய்க்கவில்லை. அவர் நெஞ்சிலும் அன்பில்லாமலில்லை. அவ்வன்பை 1885 ஆம் ஆண்டின் கடிதத்திலே வழிகாட்டலாக மாற்றி எழுதியிருந்தாராயின், ஓரரிய நட்பு நிலைத்திருக்கும். நம் மேசைமேல் நாள்தோறும் குவியும் தாள்களின் ஓரத்திலே சிவப்பு மையினால் எழுதும் ஆசிரியர் யாவரும், எழுதுமுன் இதனை ஒருமுறை எண்ணிப்பார்த்தல் கடனாகும்.